ஓராண்டுத் தவணை: 1956 திருமலை மாநாடு

தந்தை செல்வா என்று மக்கள் அழைத்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் பெரிய மேடைப் பேச்சாளர் அல்லர். மெல்லிய குரலும், வழக்கை எடுத்துரைக்கும் சட்டத்தரணியின் நிதானமுமே அவருக்கு வாய்த்தவை. கிறிஸ்தவரான அவரைப் பெரும்பாலும் இந்துக்களான மக்கள் தங்கள் தலைவராக ஏற்றிருந்தனர்.

1956 ஜூன் மாதம் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதை எதிர்த்துக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் தாக்கப்பட்டனர். அதன்பின் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் மாநாடு கூட்டியது. பல ஊர்களிலிருந்தும் தொண்டர்கள் பாத யாத்திரையாகவே வந்து சேர்ந்தனர். அதே ஆகஸ்டில் அமெரிக்காவின் மொன்ற்கொமரி நகரில் மாட்டின் லூதர் கிங் என்ற இளம் போதகரின் தலைமையில் கறுப்பின மக்கள் பஸ்களைப் பகிஷ்கரித்து வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 19இல் நிறைவேறிய தீர்மானம் நான்கு விடயங்களைக் கேட்டது: சமஷ்டி ஆட்சி, தமிழுக்குச் சம அந்தஸ்து, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமை இழந்த மலையகத் தமிழருக்கு அவ்வுரிமை, தமிழ்ப் பிரதேசங்களில் அரசாங்கக் குடியேற்றத்தை நிறுத்துதல். கடைசிக் கோரிக்கை திருமலை விவசாயிக்கு ஏட்டுச் சங்கதி அன்று. கந்தளாயிலும் அல்லையிலும் குளத்து நீர் பாயும் காணி யாருக்கு என்பதே அங்கு கேள்வி. குடியேற வந்தவர்களும் ஏழைக் கமக்காரரே என்பதை நாம் மறக்கலாகாது. ஆனால் அவர்களைத் தெரிவு செய்யும் அதிகாரம் கொழும்பில் இருந்தது.

கோரிக்கைகளை விடவும் முக்கியமானது தவணை என்பேன். 1957 ஆகஸ்ட் 20க்குள் தீர்வு வராவிடில் அகிம்சை வழியில் நேரடி நடவடிக்கை என்று நாள் குறிக்கப்பட்டது. நமது கிராமச் சங்கங்கள் பல, யாருக்கு, எந்த நாளுக்குள் என்று எழுதாமலே தீர்மானம் நிறைவேற்றிக் கலைந்துவிடுகின்றன. இங்கோ அரசாங்கத்துக்கு யோசிக்கவும், தொண்டர்களுக்குக் கட்டுப்பாடு பழகவும் ஓராண்டு கிடைத்தது.

தவணை முடியுமுன், 1957 ஜூலை 26இல், பிரதமர் பண்டாரநாயக்கா செல்வநாயகத்துடன் ஒப்பந்தம் செய்தார். சமஷ்டி கிடைக்கவில்லை. எனினும் பிரதேச சபைகளுக்கு விவசாயம், காணி, குடியேற்றம் பற்றிய அதிகாரங்களும், காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் உரிமையும் அதில் இருந்தன. நேரடி நடவடிக்கை கைவிடப்பட்டது.

1958 ஏப்ரல் 9இல், பிரதமரின் இல்லத்தின் முன் பிக்குகள் அமர்ந்திருக்க, ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. 1961இல் வடக்கு கிழக்குக் கச்சேரிகளின் வாசல்களில் மக்கள் மீண்டும் அமர்ந்தனர். திருமலைக் கச்சேரியும் அவற்றுள் ஒன்று. ஏப்ரலில் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டு, தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் அடைக்கப்பட்டனர்.