இரவில் அணியும் அழுத்தக் கையுறை: அதன் பயனும் எல்லையும்

தேயிலைக் கொழுந்து எடுப்பதும் ஏலக்காய் பறிப்பதும் விரல்களின் தொழில்கள். பாலக்காடு மாவட்டத்து நெல்லியாம்பதி மலையிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் தோட்டத் தொழிலைச் செய்து வருகின்றன. தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி ஆகிய வழிகளில் காலையில் மலையேறி, ஏலத்தோட்டங்களில் உழைத்து, மாலையில் வீடு திரும்புவோரும் பலர். இவர்களுக்குக் கையே முதல். காலையில் விரல்கள் மடங்க மறுத்தால் அன்றைய கூலிக்கே இடையூறு நேர்கிறது.

இத்தகைய கைவலிக்கும் விறைப்புக்கும் இரவில் அணிந்து உறங்குவதற்கென ஒருவகைக் கையுறை விற்கப்படுகிறது. நைலானும் இழுத்தால் நீளும் இழையும் கலந்து நெய்யப்பட்ட இவ்வுறை, கையை மெல்ல இறுக்கிப் பிடிக்கும். விரல் நுனிகள் பெரும்பாலும் திறந்திருக்கும். இதனை அழுத்தக் கையுறை என்பர். ‘இதை வாங்கலாமா?’ என்று ஊரார் கேட்டால், களப்பணியாளரும் ஆசிரியரும் என்ன விடை கூறவேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடியற்காலையில் விறைப்பு மிகுவது ஏன்?

பகலில் விரல்கள் அசையும்போதெல்லாம் கையின் தசைகள் சுருங்கி விரிகின்றன. அவ்வசைவு திசுக்களில் தேங்கும் நீரை இரத்த ஓட்டத்தை நோக்கித் தள்ளுகிறது. உறக்கத்தில் கை அசைவற்றுக் கிடப்பதால், அழற்சியுற்ற மூட்டைச் சுற்றி நீர் தேங்கி நிற்கிறது. மேலும், அழற்சியைத் தூண்டும் சில வேதிப்பொருள்கள் பின்னிரவில் மிகுகின்றன. அழற்சியை அடக்கும் கார்ட்டிசால் என்னும் சுரப்போ நள்ளிரவை ஒட்டி மிகவும் குறைந்து, விடியும் வேளையில்தான் உயர்கிறது. ஆகவே, முடக்குவாதம் உடையவருக்கு எழுந்தவுடன் கை மிகவும் விறைத்திருக்கும்; நேரம் செல்லச் செல்ல இளகும்.

குளிர் இத்துன்பத்தைப் பெருக்குகிறது. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள மூணாற்றிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் இரவுகள் உண்டு. குளிரில் விரல்களின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. வலியும் மிகுதியாக உணரப்படுகிறது.

கையுறையைப் பற்றிய சோதனை

இவ்வுறைக்கு இருவகைப் பயன் கூறப்படுகிறது. ஒன்று, அதன் அழுத்தம் தேங்கிய நீரை விலக்கும் என்பது. மற்றொன்று, அது கைக்கு வெதுவெதுப்பு அளிக்கும் என்பது. இவ்விரண்டில் எது உண்மையில் வேலை செய்கிறது என்பதை அறிய, பிரிட்டனில் ஒரு சோதனை நடத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2021-ஆம் ஆண்டில் வெளியாயின.

முடக்குவாதமோ அதனை ஒத்த அழற்சி மூட்டுநோயோ உடைய, கைவலியால் வருந்திய 206 பேர் அச்சோதனையில் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் அவர்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு இறுக்கமான அழுத்தக் கையுறையும், மறுபிரிவினருக்கு அழுத்தமில்லாத தளர்ந்த கையுறையும் தரப்பட்டன. 12 வாரங்களுக்குப் பின் அளந்து பார்த்தபோது, இரு பிரிவினருக்கும் வலி சிறிதளவு குறைந்திருந்தது. ஆனால் அக்குறைவு இருசாராரிடமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வலியிலும் விறைப்பிலும் கையின் செயலிலும் இறுக்கமான உறை தனிச்சிறப்பு எதனையும் காட்டவில்லை.

அறிவியல் பாடம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இஃது ஒரு நல்ல எடுத்துக்காட்டு. இறுக்கமான உறை அணிந்தவரை மட்டும் கேட்டிருந்தால், ‘வலி குறைந்தது’ என்றே அவர்கள் சொல்லியிருப்பர். அழுத்தமே அதற்குக் காரணம் என்று நாமும் நம்பியிருப்போம். ஒப்பிடுவதற்கு ஒரு பிரிவு இருந்தமையால்தான் அழுத்தத்திற்கு அப்பெருமை சேரவேண்டியதில்லை என்பது தெளிவாயிற்று. இரு உறைகளுக்கும் பொதுவானது வெதுவெதுப்பு. அதனால் சிறிது சுகம் உண்டாகியிருக்கலாம். நாளடைவில் வலி தானே ஏறி இறங்குவதும், ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்தது என்னும் மனநிறைவும் உடன் சேர்ந்திருக்கலாம்.

ஆகவே, கூலியிலிருந்து மிச்சம்பிடித்து விலையுயர்ந்த கையுறை வாங்கவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. தளர்ந்த கம்பளிக் கையுறையோ பருத்திக் கையுறையோ இரவில் கையை வெதுவெதுப்பாக வைத்திருக்கப் போதும்.

உறைக்கு முன் நோயை அறிக

கைவலி என்பது ஒரே நோயன்று. எந்த உறையும் நோயைக் குணப்படுத்துவதில்லை. சிறிது சுகம் கிடைத்ததென்று மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போட்டால், அந்தச் சுகமே தீங்காக முடியும். களப்பணியாளர் பின்வரும் நான்கு கேள்விகளைக் கேட்டறிதல் வேண்டும்.

முதற்கேள்வி: காலை விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது? சில நிமிடங்களில் நீங்கி, விரல்களின் நுனி மூட்டுகளிலும் கட்டைவிரலின் அடியிலும் வலி இருக்குமாயின், பெரும்பாலும் அது வயதுடன் வரும் மூட்டுத் தேய்வு. அரைமணி, ஒருமணி நேரத்திற்கு மேலும் விறைப்பு நீடித்து, இரு கைகளிலும் விரல் அடிமூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கி, சில வாரங்களாகியும் குறையாவிடில் அது முடக்குவாதமாக இருக்கலாம். ஹரியானாவின் பல்லப்கட் பகுதியில் நடந்து 1993-இல் வெளிவந்த ஆய்வின்படி, வயதுவந்தோரில் 0.75 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. ஆண்களைவிடப் பெண்களையே இது மிகுதியாகப் பற்றும். முதற் சில மாதங்களுக்குள் தக்க மருந்தைத் தொடங்கினால் மூட்டுகளைப் பெரும்பாலும் காக்கலாம். அரிக்கப்பட்ட எலும்போ மீண்டும் வளர்ந்து பழைய நிலையை அடைவதில்லை. இந்நோய்க்குப் பெரிதும் வழங்கப்படும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து வாரத்தில் ஒரு நாள் மட்டுமே உட்கொள்ளத்தக்கது. தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து விளையும். இதனை நோயாளியின் வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லவேண்டும்.

இரண்டாம் கேள்வி: இரவில் கை மரத்துப்போகிறதா? கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்து, உறக்கம் கலைந்து, கையை உதறினால் சற்றுத் தெளிவதாக ஒருவர் கூறினால், மணிக்கட்டின் குறுகிய வழியில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று ஐயுறலாம். கையை ஒரே விதமாக மீண்டும் மீண்டும் அழுத்தி உழைப்போருக்கு இது நேர்வதுண்டு. கத்தரியால் கொழுந்து வெட்டுவோரிடம் இக்கேள்வியை மறவாமல் கேட்கவேண்டும். நீரிழிவும் தைராய்டுச் சுரப்புக் குறைவும் இதற்குத் துணைபோகும். ஆதலால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். இத்தகையோருக்கு இறுக்கமான கையுறை நெருக்கத்தை மேலும் கூட்டக்கூடும். மணிக்கட்டை இரவில் மடங்காமல் நேராக வைத்திருக்கும் பட்டையே இவர்களுக்கு உரியது.

மூன்றாம் கேள்வி: கையில் உணர்ச்சி உள்ளதா? சூடும் குத்தலும் தெரியாத கையோ, நிறம் மங்கி உணர்வற்ற தேமலோ காணப்பட்டால் தொழுநோய்க்கான பரிசோதனை உடனே தேவை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதியில் பணியைத் தொடங்கிய மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை என்பதையும், வலி தெரியாமையால் நேரும் சூட்டுப்புண்களும் காயங்களுமே அவற்றைச் சிதைக்கின்றன என்பதையும் எடுத்துக் காட்டினார். அப்படிப்பட்ட கையில் இறுக்கமான உறையை மாட்டினால், அது அழுத்திப் புண்ணாக்கினாலும் அணிந்தவருக்குத் தெரியாது. தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

நான்காம் கேள்வி: காய்ச்சலைத் தொடர்ந்து வலி வந்ததா? 2007-இல் கேரளத்தில் சிக்குன்குனியா பரவியபோது இடுக்கி மாவட்டமும் அதற்கு உள்ளாயிற்று. இந்நோயில் காய்ச்சல் சில நாட்களில் தணிந்தாலும், விரல்களிலும் மணிக்கட்டிலும் வலி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. தொழிலாளி பொய் கூறுகிறார் என்றோ சோம்பல் கொள்கிறார் என்றோ எண்ணுதல் தவறு.

கையுறை அணிய விரும்புவோருக்கு

மேற்கூறிய தடைகள் இல்லாத ஒருவர் அழுத்தக் கையுறையை அணிந்து பார்க்க விரும்பினால் தடுக்கவேண்டுவதில்லை. சில விதிகளை மட்டும் கைக்கொள்ள வேண்டும். மோதிரங்களைக் கழற்றிவிட வேண்டும். விரல் நுனி திறந்த உறையையே தேர்ந்தெடுக்க வேண்டும். உறையை மாட்டிய பின் நகத்தை அழுத்தி விட்டால், வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்கவேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலும், குளிர்ந்தாலும், மரத்தாலும் உடனே கழற்றிவிட வேண்டும். முதலில் பகலில் ஒரு மணி நேரம் அணிந்து பார்த்து, தொல்லை இல்லையெனில் மட்டும் இரவில் அணியலாம். காலையில் தோலில் ஆழ்ந்த தழும்போ புண்ணோ உள்ளதா என்று பார்க்க வேண்டும். கையில் வெட்டுக்காயமோ சீழோ இருக்கும்போது அணியலாகாது. ஈர உறையும் கூடாது. ரப்பர் உறையையோ, இழுத்துச் சுற்றிய கட்டுத் துணியையோ இதற்கு மாற்றாகக் கொள்ளுதல் மிகவும் தீது. குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் இயல்புடையோர் மருத்துவரைக் கேளாமல் இறுக்கமான உறையை அணியக்கூடாது.

செலவில்லாத வழி

கைக்குப் பயிற்சி அளிப்பது செலவில்லாதது. அதன் பயனோ சோதனையால் மெய்ப்பிக்கப்பட்டது. முடக்குவாதம் உடைய 490 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடந்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், வழக்கமான மருத்துவத்துடன் கைக்கு நீட்டல் பயிற்சியும் வலுவூட்டும் பயிற்சியும் பெற்றோர், ஓராண்டு முடிவில் பெறாதோரைவிடக் கையை நன்கு பயன்படுத்த வல்லவராயினர்.

காலையில் எழுந்ததும் பொறுக்கத்தக்க சூடுள்ள நீரில் கைகளைச் சில நிமிடங்கள் வைத்திருந்து, பின்பு இவற்றைச் செய்யலாம்: விரல்களை மெல்ல மடக்கி முஷ்டியாக்கி விரித்தல், விரல்களை அகல விரித்துச் சேர்த்தல், கட்டைவிரல் நுனியால் ஏனைய விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுதல், மணிக்கட்டை மேலும் கீழும் அசைத்தல். ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்து, நாளடைவில் பத்தாக உயர்த்தலாம். கை உணர்வு குறைந்தவர்க்கு நீரின் சூட்டை மற்றொருவர் பார்த்துத் தரவேண்டும். அடுப்பு நெருப்பின் மேல் கையை நீட்டிக் குளிர் காய்வதையும் அவர்கள் அறவே விலக்க வேண்டும். ஆசிரியர்கள் இப்பயிற்சியை மாணவர்களுக்குக் கற்பித்தால், அவர்கள் வழியே அது லயங்களில் உள்ள தாய்மாரையும் பாட்டிமாரையும் சென்றடையும்.

குளிரும் மழையும் தொழிலாளரின் உடல்நலத்தைப் பாதிப்பவை என்பது சட்டத்திலும் ஏற்கப்பட்ட செய்தி. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதிக்கு வகைசெய்ததுடன், மழைக்கும் குளிருக்கும் காப்பாகக் குடை, கம்பளி, மழைச்சட்டை முதலியவற்றை நிர்வாகத்தார் வழங்குமாறு விதிகள் இயற்றவும் மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது.

சுருங்கக் கூறின், இரவுக் கையுறை ஒரு சிறு சுகம், மருந்தன்று. ‘வாங்கலாமா?’ என்று கேட்பவரிடம் முதலில் அந்நான்கு கேள்விகளைக் கேட்க. விடை ஐயத்திற்கு இடம் தருமாயின், கடைக்கு அனுப்பாமல் அண்மையிலுள்ள குடும்ப சுகாதார நிலையத்திற்கோ தோட்ட மருத்துவமனைக்கோ அனுப்புக. ஒரு மாத தாமதம் சிலருக்கு விரல்களின் ஆயுளையே குறைத்துவிடும்.