இத்தாலியில் பாஸ்தா-பயறு... திருப்பூரில் அரிசி பருப்பு! தொழிலாளி உடம்பைக் காக்கும் ஒரே கணக்கு

திருப்பூர்,

ஒன்றரை சிப்ட் முடித்து இரவு 9 மணிக்கு ரூமுக்கு திரும்பும் பனியன் கம்பெனி தொழிலாளிக்கு சமைக்க தெம்பு இருக்காது. வழியில் உள்ள கடையில் நாலு பரோட்டா, சால்னா. அதோடு படுக்கை.

வயிறு என்னவோ நிறைகிறது. ஆனால் நாள் முழுக்க பவர்டேபிளில் உட்கார்ந்து தைத்த உடம்புக்கு அந்த பரோட்டாவில் கிடைக்கும் புரதம் பத்தாது. தினமும் கறி, மீன் வாங்க கூலியும் கட்டுப்படியாகாது.

இதற்கு வழி நம்ம ஊர் பாட்டிகள் எப்போதோ கண்டுபிடித்த அரிசி பருப்பு சாதம். இதே வழியைத்தான் இத்தாலி நாட்டு ஏழை ஜனங்களும் தலைமுறை தலைமுறையாக பின்பற்றி வருகிறார்கள்.

ஏழைகளின் கறி

திருப்பூருக்கும் இத்தாலிக்கும் பழைய பழக்கம் உண்டு. 1978-ம் ஆண்டு மும்பை ஏற்றுமதியாளர்கள் மூலம் இங்கு வந்த வெரோனா என்ற இத்தாலி வியாபாரிதான் இங்கிருந்து நேரடி ஏற்றுமதி தொடங்க வழி திறந்தவர். நம்ம பனியன் போன அந்த நாட்டின் சமையலறையை எட்டிப் பார்த்தால், அதுவும் நம்ம வீடு மாதிரியேதான் இருக்கிறது.

அங்கு பயறு வகைகளுக்கு 'ஏழைகளின் கறி' என்று ஒரு பெயரே உண்டு. 'பாஸ்தா எ பஜோலி' என்பது அவர்களின் அன்றாட சாப்பாடு. ராத்திரி ஊறவைத்த பீன்ஸ் கொட்டையை வேகவைத்து, அதில் கொஞ்சத்தை மசித்து விடுவார்கள். வெங்காயம், பூண்டு, தக்காளியை ஆலிவ் எண்ணெயில் வதக்கி சேர்த்து, சின்ன பாஸ்தாவையும் அதிலேயே வேகவிடுவார்கள். ஒரே பாத்திரத்தில் வேலை முடிந்தது.

புத்தாண்டு ராத்திரியில் மைசூர் பருப்பு வகை பயறு சாப்பிட்டால் காசு சேரும் என்றும் அங்கு ஒரு நம்பிக்கை. பார்க்க சில்லறை காசு மாதிரி இருப்பதுதான் காரணமாம்!

ஏன் சேர்த்து சாப்பிடணும்?

அரிசி, கோதுமையில் 'லைசின்' என்ற சத்து குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைகிற 'மெத்தியோனின்' அரிசி, கோதுமையில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்து, புரதம் முழுமையாகிறது. பீகார், ஒடிசா தொழிலாளர்கள் ரூமில் செய்யும் கிச்சடியும் இதே கணக்குதான்.

100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. சைவம் சாப்பிடுபவர் தினமும் 85 கிராம் பருப்பு, பயறு வகை சேர்க்க வேண்டும் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கு கிடைக்கிறது.

ஒரே குக்கர் போதும்

ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம் பருப்பு கழுவி அரை மணி நேரம் ஊறட்டும். குக்கரில் எண்ணெய் விட்டு கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கணும். மஞ்சள் தூள், உப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர் சேர்த்து மூணு விசில் விட்டால் சாதம் ரெடி.

கொள்ளு, தட்டைப்பயறு என்றால் காலையில் வேலைக்கு கிளம்பும்போதே ஊறப்போட்டு விடலாம். ராத்திரி சீக்கிரம் வெந்துவிடும், கேசும் மிச்சம்.

ராஜ்மா சமைப்பவர்கள் உஷாராக இருக்கணும். அரைவேக்காடாக சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ஊறவைத்த தண்ணீரை கொட்டிவிட்டு, புது தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் நன்றாக கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென்று ஆகும்வரை வேகவைக்கணும்.

டீ கொஞ்சம் தள்ளியே

சாப்பிட்டதும் டீ குடிப்பது பலருக்கு பழக்கம். பயறில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதை டீ தடுக்கும். ரத்தசோகை உள்ள பெண்கள் ஒரு மணி நேரம் தள்ளி குடிப்பது நல்லது. சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் அதே இரும்புச்சத்து கூடுதலாக சேரும்.

பரோட்டாவே கூடாது என்பதில்லை. வாரத்தில் நாலு ராத்திரி குக்கரில் அரிசி பருப்பு வெந்தால், கடைக்கு போகும் காசு பாக்கெட்டில் நிற்கும். மறுநாள் மிஷினில் உட்காரும்போது உடம்பிலும் தெம்பு இருக்கும்.