வெடித்த தெளிகருவித் தாங்கியைச் சுடுகாற்றினால் ஒட்டுதல்

முதுகிற் சுமக்கும் 16 லீற்றர்த் தெளிகருவியின் தாங்கி பெரும்பாலும் அடிப்பக்கத்து மூலையிலேயே வெடிக்கின்றது. நிறைந்த தாங்கியை வரம்பில் பொத்தென வைப்பதும், வேலை முடிந்தபின் வெயிலிற் போட்டுவிடுவதும் இதற்குக் காரணங்களாம். மயிரிழை போன்ற வெடிப்பைக் கமக்காரர் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அவ்வெடிப்பினூடாகக் கசியும் மருந்து சட்டையை நனைத்து, முதுகிலும் இடுப்பிலும் மணிக்கணக்காக ஊறிநிற்கின்றது. பூச்சிநாசினிகளிற் பல வாய்வழியே மட்டுமன்றித் தோல்வழியேயும் உடலிற் சேர்வன. மிளகாய்த் தோட்டத்தில் முற்பகல் முழுவதும் தெளித்தவர், பின்னர் வரும் தலையிடியையும் தலைச்சுற்றலையும் வெயிலின் குற்றமென எண்ணிவிடுகின்றார். ஆகவே கசியும் தாங்கியைத் திருத்தும்வரை அதனைத் தோளில் ஏற்றுதல் கூடாது.

கடைகளில் விற்கும் பசைகள் இத்தாங்கியிற் பிடிப்பதில்லை. தாங்கிகள் பொலித்தீன் அல்லது பொலிபுரொப்பிலீன் என்னும் பொருளால் ஆனவை. பொலித்தீன் 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வேறோர் ஆய்வின்போது எதிர்பாராது வெண்மெழுகு போன்ற படிவாகக் கிடைத்த பொருள். அதன் மெழுகுத்தன்மை இன்றும் அதனை விட்டு நீங்கவில்லை. மெழுகின்மேற் பசை எவ்வாறு பிடிக்கும்? பழங்கத்தியைக் காய்ச்சி வெடிப்பின்மேல் இழுப்பாரும் உளர். அதனால் மேற்றோல் மட்டும் உருகிப் பரவுமேயன்றி உட்புறம் ஒன்றுசேராது. இரண்டு நாட் பாவனையில் வெடிப்பு மீண்டும் வாய்திறக்கும். இருபக்கமும் உருகி, அதே பொருளாலான கீலமும் உருகி, மூன்றும் ஒன்றாய் இறுகினாலன்றி ஒட்டு நில்லாது. இதற்கு ஏற்றது சுவாலையன்று, சூடான காற்றே.

இக்கருவியை வீட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம். வேண்டுவன: வானொலி திருத்துவோர் பயன்படுத்தும் 60 உவாற்றுப் பற்றாசுக்கோல் ஒன்று, மீன்தொட்டிக்குக் காற்றூட்டும் சிறு பம்பி ஒன்று, அதற்குரிய இறப்பர்க் குழாய், துருவேறா உருக்கினாலான பாத்திரம் தேய்க்கும் கம்பிச்சுருள் சிறிதளவு, மூன்று மில்லிமீற்றர் துவாரமுள்ள பித்தளைக் குழாய் ஈரங்குலம். 30 உவாற்றுக் கோல் இவ்வேலைக்குப் போதாது. பம்பி நிமிடத்துக்கு நான்கைந்து லீற்றர்க் காற்றைத் தருதல் வேண்டும். இருவாய்ப் பம்பியாயின் இரு வாய்களையும் ஒன்றாக இணைத்துக்கொள்க.

பற்றாசுக்கோலின் செப்புமுனையைக் கழற்றியதும் வெறுங்குழல் ஒன்று தோன்றும். அதனைச் சுற்றியே, மைக்காவினால் மறைக்கப்பட்ட வெப்பக்கம்பி அமைந்துள்ளது. குழலுள் கம்பிச்சுருளைத் தளர்வாக நிரப்பி, செப்புமுனை இருந்த இடத்திற் பித்தளைக் குழாயை இறுக்குதல் வேண்டும். கைபிடியின் பின்புறத்தால் ஒரு சிறு உலோகக்குழாயைச் செலுத்தி, வெப்பந்தாங்கும் சிலிக்கோனால் இடைவெளியை அடைத்து, இறப்பர்க் குழாயை அதன் வெளிமுனையில் மாட்டுக. காற்று பின்னால் நுழைந்து, காய்ந்த கம்பிச்சுருளினூடே சென்று, முன்னால் வெளிவரும். மைக்கா உடைந்திருப்பின் கம்பிச்சுருள் மின்னோட்டமுள்ள கம்பியைத் தொட்டு உயிராபத்தை விளைவிக்கும். அத்தகைய கோலை எறிந்துவிடுதலே முறை. கோலின் உலோக உடலுக்குப் புவிக்கம்பி இணைத்தல் இன்றியமையாதது. மின்வேலை தெரிந்த ஒருவரைக்கொண்டு இதனைச் செய்வித்து, ட்ரிப் சுவிச்சு உள்ள இணைப்பில் மட்டுமே பயன்படுத்துக. ஈரநிலத்தில் வெறுங்காலுடன் நின்று இக்கருவியைத் தொடுதல் கூடாது.

முதலிற் காற்றையும் பின்னர் மின்னையும் விடுதல் வேண்டும். நிறுத்தும்போது முறை மாறும்: மின்னை நிறுத்தி, குழாய் ஆறும்வரை காற்றை ஓடவிடுக. இவ்வொழுங்கு தவறின் வெப்பக்கம்பி எரிந்துவிடும். சில நிமிடங்கள் காய்ந்தபின் ஒரு வெள்ளைத்தாளைக் குழாய்முனையிலிருந்து அரையங்குலத் தூரத்திற் பிடித்துப் பார்க்கலாம். தாள் சில வினாடிகளிற் பழுப்பேறினால் வெப்பம் போதியது. உடனே கருகினால் காற்றைச் சற்றுக் கூட்டுக. நிறம் மாறாவிடிற் குறைக்குக. பொலித்தீன் ஏறத்தாழ 130 பாகை செல்சியசிலும் பொலிபுரொப்பிலீன் 160 பாகையை அண்மியும் உருகும். ஆயினும் காற்று வழியிற் குளிர்வதால் முனையில் 250 முதல் 300 பாகை வரை இருத்தல் நன்று.

கீலம் தாங்கியின் பொருளாகவே இருத்தல் வேண்டும். அடியில் முக்கோணக் குறியினுள் 2 என்ற எண் இருப்பின் அது அடர்த்தி கூடிய பொலித்தீன். 5 எனின் பொலிபுரொப்பிலீன். இவ்விரண்டும் ஒன்றோடொன்று ஒட்டா. எண் அழிந்திருப்பின், அதேவகைப் பழைய தாங்கி ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீற்றர் அகலக் கீலம் வெட்டி, மறைவான ஓரிடத்தில் ஒட்டி, ஆறவிட்டு இழுத்துப் பார்க்க. முழுதாய்க் கழன்று வந்தாற் பொருள் வேறென அறியலாம்.

வேலைக்கு முன் தாங்கியைச் சவர்க்கார நீரால் மும்முறை கழுவுதல் அவசியம். கைகளுக்கு இறப்பர் உறை அணிக. கழுவிய நீரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது. நன்கு உலர்ந்தபின், வெளியிடத்தில், காற்று முதுகுப்புறமிருந்து வீசும்படி அமர்ந்து ஒட்டுக. எஞ்சிய மருந்து சூட்டில் ஆவியாவது கண்ணுக்குத் தெரியாது.

வெடிப்பின் இரு நுனிகளிலும் மூன்று மில்லிமீற்றர்த் துளை இட்டால் அது மேலும் ஓடாது. பலர் இதனைச் செய்ய மறந்து, ஒட்டிய இடத்துக்கு அப்பால் வெடிப்பு நீண்டதைக் கண்டு ஒட்டைக் குறைகூறுவர். பின்பு வெடிப்பு நெடுக, சுவரின் முக்காற் பங்கு ஆழத்துக்கு, ஏர்ச்சால் போன்ற கூம்பிய பள்ளத்தைக் கத்தியாற் சுரண்டுக. வெயிலில் வெளிறிய மேற்றோலும் இருபக்கமும் நீங்குதல் வேண்டும். குழாய்முனையைக் கால் அங்குல உயரத்தில் வைத்து, கீலத்தின் நுனிக்கும் பள்ளத்துக்குமிடையே ஊசற்குண்டுபோல் மெல்ல அசைக்க. இரண்டும் ஈரம் படிந்தாற்போற் பளபளக்கும் கணத்திற் கீலத்தைச் செங்குத்தாகப் பிடித்து அழுத்துக. கீலத்தின் இருகரையிலும் சிறு மணிபோல் உருகிப் பிதுங்கினால் ஒட்டுப் பிடித்துள்ளது. புகையெழுந்தாலோ பழுப்பேறினாலோ பொருள் கெட்டுவிட்டது. அதனைச் சுரண்டியெடுத்து மீண்டும் தொடங்கல் வேண்டும். இக்கருவி மெதுவானது, சில அங்குல வெடிப்புக்கே பொறுமை வேண்டும். முதன்முறை கழிவுத்துண்டுகளிற் பழகிக்கொள்வதே புத்தி. ஒட்டிய இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் குளிர்த்தாது தானே ஆறவிடுக.

ஆறியபின் நல்ல நீரை நிரப்பி, உலர்ந்த பழந்தாளின்மேல் ஓரிரவு வைத்துப் பார்க்கலாம். தாளில் ஈரப்பொட்டு ஒன்றேனும் தோன்றின் வேலை முற்றுப்பெறவில்லை.

எல்லாவற்றையும் ஒட்டிவிடலாம் என்று எண்ணலாகாது. நெம்புகோலை அடித்தபடி தெளிக்கும் கருவியின் தாங்கியில் அமுக்கம் இல்லை. அமுக்கம் அதன் காற்றறையிலேயே உள்ளது. ஆதலாற் தாங்கியை ஒட்டலாம். காற்றறையை ஒட்டுதல் ஆகாது. முன்கூட்டியே காற்றடித்து நிரப்பும் சிறு தெளிகருவிகளின் உடலும் அவ்வாறே விலக்கப்பட்டது. வளைத்தால் முறிந்து, தடவினால் வெண்பொடி கையில் ஒட்டும் தாங்கி வெயிலாற் செத்தது. அதனை ஒட்டினால் அருகே வேறு வெடிப்புத் தோன்றும். பீ.வீ.சீ. குழாய்களை இதனாற் காய்ச்சலாகாது; மிகையான சூட்டில் அவை ஐதரசன் குளோரைட்டு என்னும் நச்சுவாயுவை விடும், அவற்றுக்குரிய கரைப்பான் பசையே போதியது. பெற்றோலோ மண்ணெண்ணெயோ இருந்த கலங்களை எத்தனைமுறை கழுவினும் இதன் அருகே கொண்டுவரலாகாது.

நாற்றுத் தட்டுக்கள், வாளிகள், தோட்டத்து நீர்ப்பீப்பாய்கள் ஆகியவற்றையும் இம்முறையாலே திருத்தலாம். ஆனால் குடிநீர்ப் பீப்பாய்க்கு மருந்துத் தாங்கியில் வெட்டிய கீலத்தைப் பயன்படுத்தலாகாது. அவ்விருவகைக் கீலங்களையும் வெவ்வேறு பைகளிற் கட்டி, எதிலிருந்து வெட்டியது என்று எழுதிவைக்க.