தாத்தா ஏன் பாதி வழியில் நிற்கிறார்?

தாத்தாவுடன் ஈரச்சந்தைக்கு நடந்து போகிறீர்கள். மூன்றாவது புளோக்கைத் தாண்டியதும் கெண்டைக்கால் வலிக்கிறது என்று நின்றுவிடுகிறார். இரண்டு மூன்று நிமிடங்களில் வலி போய்விடுகிறது. மறுபடி நடந்தால், ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி வலி. “வயசாச்சு, வேறென்ன” என்பார். அதை நம்பிவிடாதீர்கள்.

நடக்கும்போது கால் தசைக்கு அதிக உயிர்வாயு தேவை. தமனியில் கொழுப்புப் படிந்து வழி குறுகியிருந்தால், உட்கார்ந்திருக்கும்போது போதுமாக இருந்த ரத்தம் நடக்கும்போது போதாது. தசை வலிக்கிறது. நின்றதும் தேவை குறைவதால் வலி அடங்குகிறது.

ஆனால், முதுகுத்தண்டில் நரம்புகள் செல்லும் வழி குறுகினாலும் நடக்கையில் கால் வலிக்கும், மரத்துப்போகும். இரண்டையும் பிரித்தறிய மருத்துவர் முதலில் கருவி எதையும் எடுப்பதில்லை, கேள்வி கேட்கிறார். சும்மா நின்றாலே வலி போகிறதா? அப்படியென்றால் ரத்தக்குழாயைச் சந்தேகிப்பார். உட்கார்ந்தால் அல்லது குனிந்தால்தான் போகுமா? அப்படியென்றால் முதுகை. குனியும்போது நரம்புகளுக்கு இடம் சற்று விரிகிறது. அதனால்தான் சிலர் பேரங்காடியில் தள்ளுவண்டி மீது சாய்ந்தபடி சிரமமின்றிச் சுற்றுவார்கள். நிமிர்ந்து நடந்தால் வலிக்கும். வேடிக்கையாகத் தோன்றினாலும் நல்ல தடயம் இது. முட்டித் தேய்மானம் என்றால் வலி பெரும்பாலும் மூட்டிலேயே இருக்கும், மாடிப்படியில் கூடும்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. படுக்கவைத்து, கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளப்பார்கள். கையில் 140, கணுக்காலில் 84 என்றால், 84 ÷ 140 = 0.6. வழக்கமாக இது 1.0 முதல் 1.4 வரை இருக்கும். 0.9 அல்லது அதற்குக் கீழே போனால் கால் தமனி குறுகியிருக்கிறது என்று பொருள். கணுக்காலில் ரத்த ஓட்டத்தைக் கேட்க உதவுவது டாப்ளர் கருவி. ஆம்புலன்ஸ் நெருங்கும்போதும் விலகும்போதும் சைரனின் சுருதி மாறுகிறதே, அதே இயற்பியல்தான்.

இதில் ஒரு பொறி உண்டு. நீரிழிவு நோயாளிகள் சிலருக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து விறைத்துவிடும். பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது. எண் 1.4ஐயும் தாண்டும். அப்போது கால் பெருவிரலில் அழுத்தத்தை அளப்பார்கள்.

இத்தனை மெனக்கெடுவது காலுக்காக மட்டுமல்ல. கால் தமனி குறுகியவருக்கு இதயத்திலும் மூளையிலும் அதே படிவு இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே சிகரெட்டை நிறுத்தச் சொல்வார்கள், மருந்து தருவார்கள். கூடவே நடக்கவும் சொல்வார்கள்! வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடந்து பழகினால், சில மாதங்களில் வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடும்.

அடுத்த முறை தாத்தா நிற்கும்போது, எவ்வளவு தூரத்தில் நின்றார், எத்தனை நிமிடத்தில் வலி போனது, நின்றா உட்கார்ந்தா என்று குறித்துவையுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.