கோட் சரி, ஆனா ரிஜெக்ட்: முடிவு யார் கையில இருக்கு?

"எழுதின கோட் சரியாத்தான் இருந்துச்சு, ஆனாலும் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க, ஏன்?"னு உங்கள்ல பல பேர் கேக்குறீங்க. இதுக்குப் பல காரணம் இருக்கலாம். அதுல நம்மாளுங்க அதிகம் கவனிக்காத ஒண்ணை மட்டும் இன்னிக்குப் பாக்கலாம்.

பெரிய டெக் கம்பெனிகள்ல, உங்ககிட்ட பேசுற ஒருத்தர் மட்டுமே முடிவு எடுக்கிறதில்லை. அவர் ஒரு அறிக்கை எழுதுவார். முடிவு அதை வச்சுத்தான்.

கூகுளை எடுத்துக்குங்க. அங்க ஹயரிங் கமிட்டின்னு ஒண்ணு உண்டு. உங்களை நேர்ல பாக்காதவங்க உக்காந்து, இன்டர்வியூ எடுத்தவங்க எழுதின குறிப்புகளைப் படிச்சு உங்களை எடை போடுவாங்க. அமேசான்ல வேற மாதிரி. அவங்களுக்கு 16 லீடர்ஷிப் பிரின்சிபிள்ஸ் இருக்கு. ஒவ்வொரு இன்டர்வியூவரும் அதுல சிலதை மட்டும் பிரிச்சு எடுத்துக்கிட்டுக் கேள்வி கேப்பாங்க. அப்புறம் எல்லாரும் தனித்தனியா எழுதிக் கொடுத்துட்டு, ஒண்ணா உக்காந்து பேசுவாங்க. அதுல 'பார் ரெய்சர்'னு ஒருத்தர் இருப்பார். ஆள் எடுக்கிற டீமுக்கு வெளியில இருந்து வர்றவர். மேனேஜருக்கு உங்களைப் பிடிச்சிருந்தாலும், இவர் வேண்டாம்னு சொல்ல முடியும்.

இப்போ ஒரு உதாரணம். ஒரு எண் வரிசை கொடுத்து, எந்த 2 எண்ணைக் கூட்டினா 10 வரும்னு கேக்குறாங்க. பிரபலமான 'டூ சம்' கேள்விதான். முதல் ஆள் பேசாம 10 நிமிஷத்துல ஹாஷ் மேப் போட்டு முடிச்சிடுறார். கோட் சரி. ஆனா அறிக்கையில என்ன எழுத முடியும்? "விடை சரி. ஏன் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தார் எனத் தெரியவில்லை." மனப்பாடமா இருக்குமோன்னு சந்தேகம்கூட வரலாம்.

ரெண்டாவது ஆள் முதல்ல கேள்வி கேக்குறார்: "வரிசை ஏற்கெனவே சார்ட் ஆகியிருக்கா? ஒரே எண் ரெண்டு தடவை வருமா?" அப்புறம், "ரெண்டு லூப் போட்டா என் ஸ்கொயர் நேரம் ஆகும். ஹாஷ் மேப் போட்டா ஒரே சுத்துல முடியும், ஆனா கூடுதல் மெமரி வேணும்"னு சொல்லிட்டு எழுதுறார். 15 நிமிஷம் ஆச்சு. ஆனா எழுத அரைப் பக்கத்துக்கு விஷயம் கிடைச்சிடுச்சு. நானும் இன்டர்வியூ எடுக்கிறவன்தான். இந்த ரெண்டாவது ஆளுக்காக வாதாடுறது எனக்கு ரொம்பச் சுலபம்.

அடுத்தது, 'நாங்க'. நம்ம ஊர்ல 'நான் செஞ்சேன்'னு சொன்னா பெருமை பீத்துற மாதிரி தோணும். அதனால "நாங்க டேட்டாபேஸை மாத்தினோம், நாங்க லோடைக் குறைச்சோம்"னே சொல்லிப் பழகிட்டோம். பண்பா அது நல்லதுதான். ஆனா படிக்கிறவருக்கு உங்க பங்கு என்னன்னு தெரியாது. "டீம் முடிவு பண்ணுச்சு. அதுல ஸ்லோ குவெரியைக் கண்டுபிடிச்சது நான், இன்டெக்ஸ் சேத்தது நான்"னு பிரிச்சுச் சொல்லுங்க. இது உண்மையைச் சொல்றது, பெருமை இல்ல.

உள்ள போனப்புறமும் இதே கதைதான். 2004-ல ஜெஃப் பெசோஸ், அமேசான் தலைமைக் குழு மீட்டிங்ல பவர்பாயின்டை நிறுத்திட்டு, எழுதின குறிப்பைக் கொண்டு வரச் சொன்னார். மீட்டிங் ஆரம்பத்துல எல்லாரும் அமைதியா அதைப் படிப்பாங்க. பல பெரிய கம்பெனிகள்ல ப்ரோமோஷனும் இப்படித்தான், நீங்க செஞ்ச வேலையைப் பத்தின எழுத்தை வச்சு முடிவாகுது.

இங்கிலீஷ் சரளமா வராதேன்னு பயப்படாதீங்க. சின்னச் சின்ன வாக்கியம் போதும். இந்த வாரம் ஒரு கணக்கை எடுத்து, சத்தமாப் பேசிக்கிட்டே போடுங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. மறுநாள் கேட்டுப் பாத்து, இந்த ஆளைப் பத்தி 5 வரி எழுத முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா, எந்த இடத்துல பேச்சை நிறுத்தினீங்கன்னு குறிச்சு வச்சுக்கிட்டு அடுத்த கணக்குக்குப் போங்க.