சிலிப்பர் ஆர்க்கிட்: பூக்கும்வரை பொறுமை தேவை

மயிலாடும்பாறையில் தென்னையும் இலவும் வளர்க்கும் உங்களுக்கு சிலிப்பர் ஆர்க்கிட் புதிதாக இருக்கலாம். பூவின் ஓர் இதழ் செருப்பின் முனைபோலப் பை வடிவில் இருப்பதால் இந்தப் பெயர்.

தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் இனம் ஒன்றுதான்: அகத்தியமலையின் ‘பாஃபியோபெடிலம் ட்ரூரி’. கர்னல் ட்ரூரி 1865-ல் கண்டறிந்தது. மஞ்சள் பூவில் பழுப்புக் கோடு ஓடும். காட்டிலிருந்து அள்ளி விற்றதால் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுச் செடியைப் பறிப்பது குற்றம். ‘மலையில் எடுத்தது’ என்று விற்றால் வாங்காதீர்கள். நர்சரியில் வளர்த்த கலப்பினச் செடியையே கேளுங்கள்.

பச்சை இலை ரகங்கள் பலவும் மொட்டு வைக்கக் குளிர்ந்த இரவு வேண்டும். நம் வெப்பத்துக்குத் திட்டுத் திட்டான இலை ரகங்களே ஏற்றவை.

மண் வேண்டாம். தென்னை மட்டைத் துண்டுகளைப் பலமுறை ஊறவைத்து அலசி, கரித்துண்டு, ஓட்டுச்சில்லு கலந்து துளையுள்ள தொட்டியில் இடுங்கள். 75 சதவீத நிழல்வலை போதும். நீரைச் சேமிக்கும் தண்டு இதற்கு இல்லை; முழுதும் காயவிடாதீர்கள், தேங்கவும் விடாதீர்கள். உப்பு நீரில் இலைநுனி கருகும், மழைநீரே நல்லது. காலையில் ஊற்றுங்கள். குருத்தில் நீர் நின்றால் அழுகிவிடும்.

சிறு நாற்று பூக்க 3 முதல் 5 ஆண்டுகள் ஆகலாம். வாழையைப் போல ஒரு கன்று ஒருமுறைதான் பூக்கும். அடுத்த பூ பக்கக்கன்றில். ஆனால் தார் வெட்டியதும் தாய்மரத்தைச் சாய்ப்பதுபோல இதை வெட்டிவிடாதீர்கள். பழைய இலைகள்தான் இளங்கன்றுக்கு உணவு தருகின்றன. ‘பூக்கவில்லை’ என்று இரண்டாம் ஆண்டில் தூக்கி எறியாதீர்கள். பூத்துவிட்டால் வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும்.