பாட்டில் இருந்தது சாராயமா, ராஜத்துரோகமா?
கோவனை இரண்டு முறை பிடித்த கதை

2015-ம் ஆண்டு அக்டோபர் 30-ந்தேதி. பொழுது விடியவில்லை. திருச்சி உறையூர் பகுதியில் ஒரு வீட்டுக்குச் சென்னை போலீசார் வந்து சேர்ந்தார்கள். வீட்டில் இருந்தவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தார்கள்.

கொலையா? இல்லை. கொள்ளையா? அதுவும் இல்லை. பாட்டுப் பாடினார்!

பிடிபட்டவர் கோவன். மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர். கூட்டத்திலும் தெருமுனையிலும் பறை முழங்கப் பாடுகிறவர். டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லி அவர் பாடிய 2 பாட்டுகள்தான் வில்லங்கம் ஆகிவிட்டன. போலீசார் போட்ட பிரிவு 124-ஏ. அதாவது ராஜத்துரோகம். அப்போது ஆயுள் தண்டனை வரைக்கும் போகக்கூடியதாக இருந்த பிரிவு.

யாரைச் சொன்னது?

பாட்டில் அப்படி என்னதான் இருந்தது? ஒரு பக்கம் குடித்துத் தடுமாறுகிற ஊர். இன்னொரு பக்கம் போயஸ் தோட்டம். அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா குடியிருந்த இடம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியதில்தான் சண்டையே.

முதல்-அமைச்சரை இழிவு செய்து அரசாங்கத்தின் மேல் வெறுப்பைக் கிளப்பும் பாட்டு என்றது போலீஸ் தரப்பு. பாடியவர் பக்கம் நின்றவர்களோ, கடையை நடத்துவதே அரசாங்கம்தானே என்றார்கள். 2003-ல் மது சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்ததும் ஜெயலலிதா ஆட்சியில்தான். கடை முதலாளியைச் சொல்லாமல் கடையை மட்டும் எப்படித் திட்டுவது?

நியாயமான கேள்விதான். ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். பாட்டு ஒன்றும் மரியாதையாக இல்லை. கேலியும் குத்தலுமாகத்தான் இருந்தது. ஆளுங்கட்சிக்காரர் கேட்டால் சுருக்கென்று தைக்கும். தைப்பது வேறு, ராஜத்துரோகம் வேறு. அரசாங்கத்தைக் காட்டமாகத் திட்டினாலே 124-ஏ ஆகிவிடாது, வன்முறையைத் தூண்டினாலோ பொது அமைதியைக் குலைக்கப் பார்த்தாலோதான் அது பாயும் என்று 1962-லேயே கேதார்நாத் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

எதிர்க்கட்சிகள் கைதைக் கண்டித்தன. ஆட்சிக்கு வந்தால் மதுவிலக்குக்குத் தீவிர நடவடிக்கை என்று தி.மு.க. தலைவர் கருணாநிதி அந்த ஜூலை மாதம்தான் அறிவித்திருந்தார். அதனால் இது எதிர்க்கட்சிப் பாட்டு என்று ஆளுங்கட்சி ஆட்கள் நினைத்தால் ஆச்சரியம் இல்லை. ஆனால் ம.க.இ.க. தேர்தலையே வேண்டாம் என்கிற அமைப்பு. அந்தப் பாட்டை வைத்து ஓட்டுக் கேட்க யாருக்கும் வழி இல்லை! நம் டெல்டாவில் கூலி வாங்கின கையோடு கடைக்குப் போகும் ஆளுக்கும், உலை வைத்துவிட்டு அரிசிக்குக் காத்திருக்கும் அவன் பெண்சாதிக்கும் அதில் கட்சி எதுவும் கேட்டிருக்காது.

நவம்பரில் கோவன் ஜாமீனில் வெளியே வந்தார். அதற்குள் பாட்டு செல்போன் செல்போனாகப் பரவிவிட்டது. கைதுக்கு முன் கேட்காதவர்களும் கேட்டார்கள்.

அடுத்த ஆண்டு மே 23-ந்தேதி ஜெயலலிதா மீண்டும் பதவி ஏற்றார். முதல் நாளே போட்ட கையெழுத்துகளில் ஒன்று, 500 டாஸ்மாக் கடைகளை மூட! காலை 10 மணிக்குத் திறந்த கடைகள் பகல் 12 மணிக்குத் திறக்கவும் உத்தரவு.

கொக்கா? வெள்ளைக்காரனா?

பாட்டுக்குப் போலீசார் பொருள் சொல்வது புதிது அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் தியாகி விஸ்வநாத தாஸ் நாடக மேடையில் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். தினைப்புனத்துக்குக் கொக்கு வருவதில் என்ன குற்றம்? ஆனால் சபைக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும், அது எந்தக் கொக்கு என்று. பலமுறை ஜெயிலுக்குப் போன அவர், 1940-ல் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் விட்டார்.

மறுபடியும் கைது

கோவன் கதைக்கு வருவோம். 2018 பிப்ரவரி 16-ந்தேதி காவிரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இறுதித் தீர்ப்பு சொன்னது. தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. 6 வாரத்துக்குள் செயல்திட்டம் வேண்டும். கெடு மார்ச் 29-ந்தேதியோடு முடிந்தது. ஒன்றும் வரவில்லை. டெல்டா கொதித்தது. அதே மார்ச்சில் ராம ராஜ்ய ரத யாத்திரை தமிழ்நாட்டுக்குள் வந்தது. ரதத்துக்கு வழி உண்டு, காவிரிக்கு இல்லையா என்கிற தொனியில் கோவன் பாடினார்.

பா.ஜனதா தரப்பில் புகார். பிரதமரை இழிவுபடுத்திப் பகையைத் தூண்டுகிறார் என்று வழக்கு. ஏப்ரல் 13-ந்தேதி திருச்சியில் மறுபடியும் கைது, பிறகு ஜாமீன். இது மதத்துக்கு எதிரான பாட்டா, தண்ணீர் கேட்ட பாட்டா என்று மீண்டும் அதே சண்டை. மேட்டூர் மட்டத்தைத் தினமும் பேப்பரில் பார்க்கிற தஞ்சாவூர்க்காரருக்கு எது முதலில் காதில் விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காவிரி ஆணையம் ஜூன் 1-ந்தேதி அமைந்தது. குறுவைக்கு ஜூன் 12-ந்தேதி திறக்கவேண்டிய மேட்டூர் அணை அந்த ஆண்டு திறந்தது ஜூலை 19-ந்தேதி.